டோடி வியர் ஆடிய அணிகள்: எது கிளப், எது வட்டார அணி?

பாபநாசம் வாசகர்

வணக்கம். எங்கள் நூலக வாசகர் வட்டத்தின் கையெழுத்து இதழுக்கு ஸ்காட்லாந்து ரக்பி வீரர் டோடி வியர் பற்றி நான்கு பக்கக் கட்டுரை தயாராகிறது. தசைகளை இயக்கும் நரம்புகளைச் சிதைக்கும் மோட்டார் நியூரான் நோய் வந்தபின் அந்த நோய் ஆராய்ச்சிக்காக அவர் நிதி திரட்டியதும், 2022 நவம்பரில் காலமானதும் எழுதியாகிவிட்டது. ஆட்ட வாழ்க்கைக்கு வரும்போதுதான் இடிக்கிறது.

ஸ்காட்லாந்து நாட்டு அணிக்கு 1990 முதல் 2000 வரை 61 ஆட்டங்கள். இதில் குழப்பம் இல்லை. கிளப், மாகாணம் என்று வரும் பட்டியலில்தான் சிக்கல். ஸ்டூவர்ட்ஸ் மெல்வில் எஃப்.பி., மெல்ரோஸ், சவுத் ஆஃப் ஸ்காட்லாந்து, நியூகாசில், பார்டர் ரீவர்ஸ் என்று பெயர்கள் வருகின்றன. இதில் சவுத் ஆஃப் ஸ்காட்லாந்து என்பது இன்னொரு நாட்டு அணியா? மெல்ரோஸில் இருந்த அதே வருஷங்களில் அதிலும் ஆடியதாக வருகிறதே, அது எப்படி? பார்டர் ரீவர்ஸ் 1996ல் தொடங்கியதாக ஓரிடத்திலும் 2002ல் தொடங்கியதாக வேறோரிடத்திலும் இருக்கிறது. எது சரி? கடைசியாக, இவ்வளவு பெரிய வீரருக்கு எடுத்த புள்ளிகள் ஏன் இவ்வளவு குறைவு?

இதழ் படிப்பவர்களில் பெரும்பாலோர் ரக்பி பார்த்ததில்லை. அவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

வெண்ணாறு

கபடியை மனதில் வைத்துக்கொண்டால் பாதி தெளிந்துவிடும். பொங்கலுக்கு ஊர்த் திடலில் இறங்குகிற ஊர் அணி ஒன்று. பல ஊர்களிலிருந்து பொறுக்கியெடுத்து மாநிலப் போட்டிக்கு அனுப்பும் மாவட்ட அணி இன்னொன்று. தமிழ் தலைவாஸ் மாதிரி ஏலம் எடுத்துச் சம்பளம் கொடுக்கிற அணி மூன்றாவது. ஒரே ஆள் ஒரே வருஷத்தில் முதல் இரண்டிலும் ஆடுவார். ஊர் அணியை விட்டு மாவட்ட அணிக்குப் போய்விட்டார் என்று யாரும் சொல்வதில்லை. வியரின் பட்டியலும் அப்படித்தான். மெல்ரோஸ் ஊர் கிளப். சவுத் ஆஃப் ஸ்காட்லாந்து அந்தப் பகுதியின் வட்டார அணி. நியூகாசிலும் பார்டர் ரீவர்ஸும் சம்பள அணிகள். மூன்றையும் ஒரே வரிசையில் மேலிருந்து கீழாக அடுக்கினால் வீரர் வருஷத்துக்கு வருஷம் தாவிக்கொண்டே இருந்த மாதிரி தோன்றும். உங்களுக்கு வந்த குழப்பம் அதனால்தான்.

இடத்தையும் கொஞ்சம் சொல்கிறேன், கட்டுரைக்கு உதவும். ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லையில் ட்வீட் ஆற்றுப் படுகை. மெல்ரோஸும் கெல்சோவும் ட்வீட் கரையில். ஹாயிக் ஊர் டெவியட் ஆற்றங்கரையில். கேலாஷீல்ஸ் காலா வாட்டர் ஓரம், செல்கர்க் எட்ரிக் ஓரம், ஜெட்பரோ ஜெட் வாட்டர் ஓரம். நம் பக்கம் கல்லணையிலிருந்து ஆறு பிரிந்து பிரிந்து போகிறது. அங்கே எல்லாக் கிளையாறும் ட்வீடில் வந்து விழுகிறது. எல்லாம் சின்ன ஊர்கள். மெல்ரோஸிலிருந்து கேலாஷீல்ஸுக்கு நம் கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை போகிற தூரம்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி கிளப், தனி மைதானம். மெல்ரோஸுக்கு கிரீன்யார்ட்ஸ், ஹாயிக்குக்கு மான்ஸ்ஃபீல்ட் பார்க், கேலாவுக்கு நெதர்டேல், ஜெட்-ஃபாரஸ்ட் கிளப்புக்கு ரிவர்சைட் பார்க், கெல்சோவுக்கு பாய்ண்டர் பார்க், செல்கர்க்குக்கு ஃபிலிப்ஹா. சனிக்கிழமை மெல்ரோஸும் ஹாயிக்கும் எதிரெதிராக முட்டிக்கொள்வார்கள். வட்டார ஆட்டம் வந்தால் அதே ஆட்கள் ஒரே சட்டை போட்டு எடின்பரோவையோ கிளாஸ்கோவையோ எதிர்ப்பார்கள். அந்தச் சட்டைதான் சவுத் ஆஃப் ஸ்காட்லாந்து. அது நாடு அல்ல, தெற்கு வட்டாரம்.

வட்டாரங்களுக்கு இடையிலான சாம்பியன்ஷிப் 1953-54ல் தொடங்கியது. எடின்பரோ, கிளாஸ்கோ, தெற்கு, வடக்கும் நடுநாடும் சேர்ந்த அணி என்று நான்கு அணிகள். பிற்காலத்தில் ஸ்காட்லாந்துக்கு வெளியே வசிக்கும் ஸ்காட்லாந்துக்காரர்களின் அணி ஐந்தாவதாகச் சேர்ந்தது. எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறை ஆடினால் ஒரு அணிக்கு மூன்று ஆட்டம், ஐந்தாவது அணி வந்தபின் நான்கு. சுற்றுப்பயணமாக வெளிநாட்டு அணி வந்தால் கூடுதலாக ஒன்று. ஆக ஒரு வீரர் வட்டார அணிக்கு 20 ஆட்டம் ஆட வேண்டுமென்றால் காயம்படாமல் ஐந்தாறு வருஷம் தொடர்ந்து தேர்வாகியிருக்க வேண்டும். கிளப்பின் எண்ணிக்கை பக்கத்தில் வட்டார எண்ணிக்கை சின்னதாகத் தெரியும். அதை வைத்து அங்கே சரியாக ஆடவில்லை என்று எழுதிவிடாதீர்கள். நாட்டு அணித் தேர்வாளர்கள் உட்கார்ந்து பார்த்தது அந்த மூன்று நான்கு ஆட்டங்களைத்தான்.

வட்டார அணியின் எடையைக் காட்ட ஒரு முடிவு போதும். 1984ல் இங்கிலாந்து, அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து நான்கு நாடுகளையும் வென்று போன ஆஸ்திரேலிய அணி, ஹாயிக் ஊரில் இந்தத் தெற்கு வட்டார அணியிடம் 9-6 என்று தோற்றது. நாட்டை வென்ற அணியை அந்த நாட்டின் ஒரு மூலை தோற்கடித்திருக்கிறது. வியருக்கு முந்தைய தலைமுறை அது. ஆனால் அவர் போட்ட சட்டை எதுவென்று வாசகருக்குப் புரிய வைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

எஃப்.பி. என்றால் பழைய மாணவர் என்று பொருள். எடின்பரோவில் பெரிய பள்ளிகளின் பழைய மாணவர்கள் தொடங்கிய கிளப்கள் நிறைய. வியர் படித்தது ஸ்டூவர்ட்ஸ் மெல்வில் கல்லூரி. பெயர் கல்லூரி என்றாலும் அது பள்ளிக்கூடம். கட்டுரையில் 'பள்ளி' என்றே எழுதுங்கள், இல்லையென்றால் நம்மவர்கள் பட்டப்படிப்பு என்று நினைப்பார்கள்.

பாபநாசம் வாசகர்

மிக்க நன்றி ஐயா. கபடி உவமையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். 1995ல் எல்லாப் பட்டியலும் திசை மாறுகிறதே, அது ஏன்? பார்டர் ரீவர்ஸ் இரண்டு முறை பிறந்த கதையும் இன்னும் தெளிவாகவில்லை.

கொள்ளிடம்

1995 ஆகஸ்ட் வரை ரக்பி யூனியனில், அதாவது 15 பேர் ஆடும் இந்த ரக்பி வகையில், ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்கக் கூடாது. வாங்கினால் தடை. அந்த மாதக் கடைசியில் உலக ரக்பி வாரியம் பாரிஸில் கூடி அந்த விதியை எடுத்தது. அடுத்த சில மாதங்களில் வடகிழக்கு இங்கிலாந்தின் நியூகாசிலில் கால்பந்து கிளப் நடத்திய ஜான் ஹால், பக்கத்திலிருந்த கோஸ்ஃபோர்த் ரக்பி கிளப்பை வாங்கினார். இங்கிலாந்தின் ராப் ஆண்ட்ரூவைப் பொறுப்பாளராக வைத்து ஆள் சேர்த்தார். டோடி வியர், ஜெட்-ஃபாரஸ்ட்டின் காரி ஆம்ஸ்ட்ராங் இருவரும் அப்படிப் போனவர்கள். நியூகாசில் எல்லைக்கு அந்தப் பக்கம்தான், ட்வீட் ஊர்களிலிருந்து காரில் போய்விடலாம். ஊர் கிளப்பில் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது அதுதான் முதல் முறை.

பட்டியல் போடும்போது தப்பு விழுகிற இடமும் இதுவே. ரக்பி ஆட்டப் பருவம் செப்டம்பரில் தொடங்கி அடுத்த மே மாதம் முடியும். ஆகவே '1995 வரை மெல்ரோஸ், 1995 முதல் நியூகாசில்' என்று எழுதினால் எந்தப் பருவம் என்று தெரியாது. கூடவே அப்போது இங்கிலாந்தில் ஒரு பதிவு விதி இருந்தது: புது கிளப்புக்கு மாறுகிறவர் லீக் ஆட்டத்தில் இறங்க 120 நாள் காத்திருக்க வேண்டும். ஒப்பந்தம் போட்ட தேதி ஒன்று, முதல் லீக் ஆட்டம் ஆடிய தேதி வேறு. 1995-96 பருவத்தில் ஒரே வீரரின் பெயர் இரண்டு கிளப்புக்கும் வந்தால் அச்சுப்பிழை என்று நினைத்து ஒன்றை அடித்துவிடாதீர்கள். அந்த ஒரு பருவத்தை மட்டும் ஆட்டம் ஆட்டமாகச் சரிபாருங்கள்.

மெல்ரோஸ் பட்டங்களை எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். ஸ்காட்லாந்தில் தேசிய லீக் 1973-74ல் வந்தது. முதல் ஐந்து பட்டமும் ஹாயிக்குக்கு. 90களில் மெல்ரோஸ் காலம். 1990, 1992, 1993, 1994, 1996, 1997 என்று ஆறு முறை சாம்பியன். 'மெல்ரோஸுடன் ஆறு பட்டம்' என்று வியர் கணக்கில் எழுதிவிடுவது சுலபம், ஆனால் 1996-97ல் அவர் முழுக்க நியூகாசில்காரர். 1994 வரை தைரியமாக எழுதலாம். 1996 பட்டம் மேலே சொன்ன இரட்டைப் பருவத்தில் வருகிறது, ஆட்டப் பட்டியல் பார்க்காமல் சேர்க்காதீர்கள்.

நியூகாசில் பக்கம்: 1996-97ல் இரண்டாம் டிவிஷனில் ரிச்மண்டுக்கு அடுத்த இடம் பிடித்து மேலே வந்தது. ஏறி வந்த முதல் பருவத்திலேயே, 1997-98ல், பிரீமியர்ஷிப் என்ற இங்கிலாந்தின் மேல்நிலை லீக் பட்டம். சாரசன்ஸை முந்தியது ஒரே புள்ளியில், 38க்கு 37. அப்போது வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமனுக்கு ஒன்று, போனஸ் கிடையாது. அப்போது இறுதி ஆட்டமும் கிடையாது. பருவம் முழுக்க ஆடி மேலே நிற்பவருக்குத்தான் பட்டம். 2001ல் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் ஹார்லக்வின்ஸை 30-27 என்று வென்று இங்கிலாந்துக் கோப்பை. லீக் வேறு, கோப்பை வேறு.

இனி ரீவர்ஸ். சம்பளக் காலம் வந்ததும் ஐரோப்பியக் கோப்பைக்கு யாரை அனுப்புவது என்று ஸ்காட்லாந்தில் பெரிய வாக்குவாதம். மெல்ரோஸ் மாதிரி கிளப்களையா, வட்டார அணிகளையா? ஸ்காட்லாந்து ரக்பி யூனியன் வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தது. சின்ன ஊர் கிளப்பால் முப்பது நாற்பது பேருக்குச் சம்பளம் தாங்க முடியாது என்பது அவர்கள் கணக்கு. 1996-97ல் கிளாஸ்கோ, எடின்பரோ, பார்டர்ஸ், கலிடோனியா ரெட்ஸ் என்று நான்கு சம்பள அணிகள். மர்ரேஃபீல்ட் மைதானத்தைப் புதிதாகக் கட்டிய கடன் யூனியனின் கழுத்தில் இருந்தது. இரண்டே வருஷத்தில், 1998ல், நான்கை இரண்டாக்கினார்கள். எடின்பரோவும் பார்டர்ஸும் சேர்ந்து எடின்பரோ ரீவர்ஸ். கிளாஸ்கோவும் கலிடோனியாவும் சேர்ந்து கிளாஸ்கோ கலிடோனியன்ஸ். இதுதான் பின்னாளில் கிளாஸ்கோ வாரியர்ஸ். 2002ல் பார்டர்ஸை மறுபடி தனி அணியாக எழுப்பினார்கள். நெதர்டேல்தான் சொந்த மைதானம். பணம் போதவில்லை என்று 2007ல் அதையும் கலைத்தார்கள்.

ஆக 1996ம் சரி, 2002ம் சரி. முதல் பார்டர்ஸ் இருந்த 1996-98ல் வியர் நியூகாசிலில். இரண்டாவது பார்டர்ஸுக்குத்தான் 2002ல் ஆம்ஸ்ட்ராங்கும் அவரும் சேர்ந்து வந்தார்கள், 2004ல் ஆட்டத்தை முடித்துக்கொண்டார்கள். 1996ஐ அவர் பெயருக்கு எதிரே போட்டுவிடாதீர்கள்.

அரசலாறு

சொற்களைப் பற்றி மட்டும். 'மாகாணம்' வேண்டாம். அயர்லாந்தில் மன்ஸ்டர், லெய்ன்ஸ்டர், அல்ஸ்டர், கானாக்ட் நான்கும் உண்மையிலேயே பழைய மாகாணங்கள், அங்கே அந்தச் சொல் பொருந்தும். நம் வாசகருக்கு மாகாணம் என்றதும் சென்னை மாகாணம்தான் நினைவுக்கு வரும், தனி அரசு இருந்த மாதிரி தோன்றும். ஸ்காட்லாந்தில் தெற்கு என்பது நிர்வாகப் பிரிவு அல்ல, ரக்பிக்காகக் கோடு போட்ட பகுதி. 'மாவட்டம்' என்றாலும் கலெக்டர் ஆபீஸ் நினைவுதான் வரும். வெண்ணாறு எழுதியபடி 'வட்டார அணி' நிற்கும்.

ஹாயிக் என்றே எழுதுங்கள். எழுத்தைப் பார்த்து ஹாவிக் என்று போட்டால் அந்த ஊர்க்காரருக்கே புரியாது. வியரின் செல்லப்பெயரை 'டாடி' என்று எழுதுகிறவர்கள் உண்டு. தமிழில் அது அப்பா ஆகிவிடும், டோடி போதும். அவருடைய முழுப்பெயர் ஜார்ஜ் வில்சன் வியர். பழைய ஆட்டப் பட்டியல்களில் டோடி என்று தேடினால் கிடைக்க மாட்டார், ஜி.டபிள்யூ. வியர் என்றுதான் இருக்கும். டங்கன் வியர் என்று ஒருவர் வருவார், அவர் 10ம் எண் சட்டை ஆட்டக்காரர், அடுத்த தலைமுறை. கிளாஸ்கோ, எடின்பரோ, வூஸ்டர் என்று அவருடைய பட்டியல் தனி. இரண்டு பேரின் எண்ணிக்கையும் கலந்துவிட வாய்ப்பு அதிகம்.

நாட்டு அணியின் பழைய ஆட்டச் சீட்டுகளில் ஒரு வசதி உண்டு. வீரர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவருடைய கிளப் இருக்கும். 61 ஆட்டத்தையும் தேதி வாரியாக எழுதி, எதிரே அந்தக் கிளப்பைக் குறித்துக்கொண்டே போனால் மெல்ரோஸ் எங்கே முடிந்து நியூகாசில் எங்கே தொடங்குகிறது என்று கோடு தானாக விழும். வட்டார அணி அந்த அடைப்புக்குறிக்குள் வராது. அதுவே வட்டாரம் கிளப் அல்ல என்பதற்குச் சான்று.

குடமுருட்டி

புள்ளிகள் ஏன் குறைவு என்ற கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை. கட்டுரைக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

வியர் இரண்டாம் வரிசை ஆட்டக்காரர், சட்டை எண் 4 அல்லது 5. சில சமயம் 8ம் எண்ணிலும் ஆடினார். அணிக்கு 15 பேர், அதில் முன்னணி 8 பேர். ஸ்க்ரம் என்ற முட்டுக்கட்டில் முதல் வரிசை மூன்று பேர். அவர்கள் இடுப்புக்கு இடையே தலையை நுழைத்துப் பின்னாலிருந்து தள்ளுகிற இருவர்தான் இரண்டாம் வரிசை. அந்தத் தள்ளுதலுக்கு எந்த ஸ்கோர் பலகையிலும் இடம் கிடையாது.

பந்து பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போனால் லைன்அவுட். இரு அணி முன்னணியும் கோட்டிலிருந்து 5 மீட்டருக்கும் 15 மீட்டருக்கும் நடுவே இணையாக இரண்டு வரிசையாக நிற்கும். நடுவில் ஒரு சந்து. பந்தை எறிகிறவர் அந்தச் சந்தில் நேராக எறிய வேண்டும், தன் பக்கம் சாய்த்து எறிந்தால் தப்பு. எழும்பிப் பிடிப்பது பெரும்பாலும் 4ம் 5ம். இப்போது பார்க்கிற ஆட்டத்தில் எழும்புகிறவரைக் கூட நிற்கும் இருவர் தொடையைப் பிடித்துத் தூக்குகிறார்கள். 90களின் தொடக்கத்தில் தூக்கக் கூடாது. தன் காலால் எம்பித்தான் பிடிக்க வேண்டும். பக்கத்திலிருக்கும் எதிராளி தோளால் இடிப்பான், சட்டையை இழுப்பான், கையைத் தட்டுவான். நடுவர் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. ஆறரை அடி உயரமிருந்த வியர் போன்ற ஒல்லி ஆளுக்கு அந்தக் காலத்தில் அவ்வளவு மதிப்பு இருந்ததற்குக் காரணம் இதுதான். பந்து எறிகிற கை ஒரு சாண் தவறினாலும் எட்டிப் பிடிக்கிற கை வேண்டும். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தூக்குவது சட்டப்படி வந்துவிட்டது. அதற்கப்புறம் உயரத்தைவிட நேரக்கணக்கு பெரிதானது. இரண்டு முறையிலும் நாட்டு அணியில் ஆடியவர் என்று எழுதினால் அவரைப் பற்றி வாசகருக்கு உண்மையான ஒன்று தெரியும்.

லைன்அவுட்டில் யார் எத்தனை பிடித்தார் என்று அந்தக்கால ஊர் ஆட்டங்களில் குறித்து வைத்தது குறைவு. ஆகவே ஒரு 5ம் எண்காரரின் கிளப் வாழ்க்கையைப் புள்ளி எண்ணி அளக்காதீர்கள். எத்தனை பருவம் தொடர்ந்து அதே இடத்தில் இறக்கப்பட்டார், அவர் இருந்த பருவங்களில் அணி என்ன வென்றது என்று பாருங்கள். அந்த இரண்டே அளவுகோல்.

இருந்தாலும் புள்ளி எழுதினால் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிப்பது ட்ரை. ட்ரை ஒன்றுக்கு 1971 வரை 3 புள்ளி, பிறகு 4, 1992லிருந்து 5. வியரின் வாழ்க்கை 4லிலும் 5லிலும் கால் வைக்கிறது. பழைய பருவத்து ட்ரைகளை ஐந்தால் பெருக்கிவிட்டால் மொத்தம் ஏறிப்போகும். ட்ரைக்குப் பின் உதைக்கும் கன்வர்ஷன் 2, பெனால்டியும் டிராப் கோலும் 3. இந்த உதைகளெல்லாம் பெரும்பாலும் 10ம் எண்ணுக்கும் 15ம் எண்ணுக்கும் போகும், அவர்கள் மொத்தம் நூற்றுக்கணக்கில் ஏறும். அவர்களோடு இரண்டாம் வரிசையை ஒப்பிடுவது தவிலையும் நாகஸ்வரத்தையும் எத்தனை ராகம் வாசித்தாய் என்று ஒரே கேள்வி கேட்கிற மாதிரி.

வியரிடமே அதற்கு விதிவிலக்கும் இருக்கிறது. 1995 உலகக் கோப்பைக் காலிறுதி, பிரிட்டோரியா, நியூசிலாந்துக்கு எதிராக இரண்டு ட்ரை. தலா 5, பத்துப் புள்ளி. ஸ்காட்லாந்து 30-48 என்று தோற்றது. ஆனால் அது நாட்டு அணிக் கணக்கு, கிளப் வரிசையில் சேர்க்கக் கூடாது. 1997ல் லயன்ஸ் சுற்றுப்பயணத்துக்குத் தேர்வானதும் அப்படியே. ம்புமலங்கா அணியுடன் ஆடியபோது முழங்காலில் மிதிபட்டு ஊர் திரும்பினார், டெஸ்ட் (நாட்டு அணிக்கு எதிரான முழு ஆட்டம்) ஆடவில்லை. லயன்ஸ் என்பது நான்கு நாடுகளிலிருந்தும் பொறுக்கிய அணி. அது வட்டாரமும் அல்ல, கிளப்பும் அல்ல. தனி வரி கொடுங்கள்.

இன்னும் இரண்டு இடத்தில் எண்ணிக்கை தவறும். விரும்பியபோது ஆள் மாற்றும் விதி 1996ல்தான் வந்தது. அதற்கு முன் காயம்பட்டால் மட்டும் மாற்று. பழைய ஆட்டச் சீட்டில் 16 முதல் 21 வரை எண் போட்டிருக்கும் ஆறு பேரும் ஆடினார்கள் என்று எண்ணிவிடாதீர்கள், முக்கால்வாசிப் பேர் உட்கார்ந்தே எழுந்தவர்கள். அடுத்தது செவன்ஸ். ஏழு பேர் ஆடுகிற அந்த வகை மெல்ரோஸில்தான் 1883ல் பிறந்தது. நெட் ஹெய்க் என்ற கசாப்புக்கடைக்காரர் கிளப்புக்குப் பணம் சேர்க்கச் சொன்ன யோசனை. அரை ஆட்டம் 7 நிமிஷம். மெல்ரோஸ் வீரர் பலருக்குச் செவன்ஸ் பதக்கம் இருக்கும். 15 பேர் ஆட்ட எண்ணிக்கையோடு அதைக் கூட்டாதீர்கள்.

பாபநாசம் வாசகர்

எல்லாருக்கும் நன்றி. சொன்னதை வைத்து ஒரு பத்தி எழுதினேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"எடின்பரோவில் பள்ளி முடித்து அதன் பழைய மாணவர் கிளப்பில் தொடங்கிய வியர், பிறகு மெல்ரோஸ் கிளப்புக்கு வந்தார். மெல்ரோஸில் ஆடியபடியே தெற்கு வட்டார அணியிலும் இடம்பிடித்தார். ரக்பி சம்பள ஆட்டமானதும் 1995ல் நியூகாசில் ஃபால்கன்ஸில் சேர்ந்து, 1998ல் இங்கிலாந்துக் கோப்பையை வென்றார். 2002ல் தனது பழைய அணியான பார்டர் ரீவர்ஸுக்குத் திரும்பி, 2004ல் ஓய்வு பெற்றார்."

கொள்ளிடம்

முதல் இரண்டு வரி கச்சிதம். மூன்றாவதில் இரண்டு திருத்தம். 1995ல் அந்த கிளப்பின் பெயர் நியூகாசில் கோஸ்ஃபோர்த். 'ஃபால்கன்ஸ்' 1996ல் வந்தது. '1995ல் நியூகாசில் கிளப்பில் சேர்ந்து' என்று எழுதினால் இரண்டுக்கும் பொருந்தும். 1998ல் வென்றது கோப்பை அல்ல, லீக் பட்டம். 'பிரீமியர்ஷிப் பட்டம்' என்று மாற்றுங்கள்.

நான்காவது வரியில்தான் பெரிய தப்பு. பார்டர் ரீவர்ஸ் அவருடைய பழைய அணி அல்ல, 2002க்கு முன் அதில் அவர் ஆடியதே இல்லை. திரும்பி வந்தது ஊருக்கு, அணிக்கு அல்ல. அவர் பழையபடி ஆடியிருந்தது தெற்கு வட்டார அணியில். அதே பகுதிதான், ஆனால் அது சம்பளமில்லாத காலத்து அணி. இரண்டையும் ஒன்றாக்கினால் முதலில் கேட்ட குழப்பத்துக்கே திரும்பி வருகிறீர்கள்.

வெண்ணாறு

பெயரையும் பாருங்கள் தம்பி. 2002ல் எழுப்பியபோது அந்த அணியின் பெயர் வெறும் 'தி பார்டர்ஸ்'. 'பார்டர் ரீவர்ஸ்' என்று மாற்றியது 2005ல், வியர் ஓய்வு பெற்றபின். நடுவில் 'ரீவர்ஸ்' என்ற சொல்லை எடின்பரோ அணி வைத்திருந்தது என்று கொள்ளிடம் மேலே எழுதியிருக்கிறாரே, அதுவும் சேர்ந்து குழப்பும். பிற்காலப் பட்டியல்கள் வசதிக்காக எல்லாவற்றையும் ஒரே பெயரில் போடுகின்றன. நீங்கள் 'பார்டர்ஸ் அணி (பின்னாளில் பார்டர் ரீவர்ஸ்)' என்று எழுதுங்கள்.

கட்டுரையோடு ஒரு கட்டம் போட எண்ணம் இருந்தால் மேலிருந்து கீழாக நான்கு பத்தி போதும்: பருவம், கிளப், வட்டாரம், நாடு. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வரி. 1995 வரை இரண்டாவது மூன்றாவது பத்தி இரண்டும் நிரம்பியிருக்கும். 1996-97லிருந்து 2001-02 வரை கிளப் பத்தியில் நியூகாசில், வட்டாரப் பத்தி காலி. 2002-03, 2003-04 இரண்டிலும் தலைகீழ்: பார்டர்ஸ் வட்டாரத்தின் பெயர் தாங்கிய சம்பள அணி, ஆகவே வட்டாரப் பத்தியில் எழுதி 'சம்பள அணி' என்று குறியிடுங்கள், கிளப் பத்தியைக் காலியாக விடுங்கள். 1995-96 வரியைப் பென்சிலில் எழுதி வையுங்கள், ஆட்டங்கள் சரிபார்த்தபின் மை போடலாம்.

ஒப்பிட்டுக் காட்ட பக்கத்திலேயே இன்னும் இரண்டு பேரை வைத்தால் வாசகருக்கு மூன்று காலமும் தெரியும். ஹாயிக்கின் ஜிம் ரென்விக், 1972 முதல் 1984 வரை நாட்டுக்கு 52 ஆட்டம். கிளப் பத்தியில் கடைசிவரை ஹாயிக், வட்டாரத்தில் தெற்கு, சம்பளம் என்ற பேச்சே இல்லை. இந்தக் காலத்து ஃபின் ரஸ்ஸல் என்றால் ஃபால்கர்க், ஏர் என்று ஊர் கிளப்களில் தொடங்கி, 2018 வரை கிளாஸ்கோ வாரியர்ஸ், பிறகு பாரிஸின் ராசிங் 92, 2023லிருந்து இங்கிலாந்தின் பாத். அவருக்கு ஊர் கிளப் முதல் சில வருஷங்களோடு நின்றுவிடுகிறது. நடுவில் வியர்.

பாபநாசம் வாசகர்

திருத்திவிட்டேன் ஐயா. கட்டத்தில் நாட்டுப் பத்தியில் லயன்ஸை எங்கே எழுதுவது?

குடமுருட்டி

நாட்டுப் பத்தியில் வேண்டாம், 61ல் அது சேராது. 1996-97 வரிக்குக் கீழே அடிக்குறிப்பு: 'லயன்ஸ் சுற்றுப்பயணம், தென்னாப்பிரிக்கா, 1997, காயம், டெஸ்ட் இல்லை.' அந்தச் சுற்றுப்பயணம் ஆட்டப் பருவம் முடிந்தபின் மே கடைசியிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை நடந்தது, அதனால் 97-98 வரியில் போடாதீர்கள்.